அத்தை கொடுத்த நட்சத்திரம்

பெல்ஃபோர்க், ஒக்லஹோமா
ஞாயிறு, ஏப்ரல் 21

அன்புள்ள ரமோனா அக்காவுக்கு,

க்ளென்னா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். படித்து முடிக்கும் வரை கிழித்துவிடாதீர்கள்.

இந்த நீல மூடிக் கண்ணாடிப் பாத்திரம் உங்களுடையது. நம் மாமனாரின் அடக்கத்தன்று நீங்கள் உருளைக்கிழங்கு வைத்துக் கொண்டு வந்தது. அன்றைய களேபரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆறு வருடமாக என் அலமாரியில் இருக்கிறது. காலியாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, நிறைத்துக் கொடுக்க முகம் இல்லை. இன்று பீச் பழ காப்ளர் இனிப்பு செய்து, மூடிக்கடியில் இந்தக் கடிதத்தையும் வைத்து, சர்ச் சமையலறையில் உங்கள் பெயர் எழுதி விட்டுவிட்டுப் போகிறேன். போனில் சொல்லலாம் என்றால் என் போனை லீலண்ட் எடுப்பார், உங்கள் போனை வெர்னன் அத்தான் எடுப்பார். அண்ணனும் தம்பியும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பெய்த ஆலங்கட்டி மழையில் ஊரில் பாதிக் கூரை போய்விட்டது. போன் ஓயாமல் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை! ஏன் என்று பார்த்தால், இன்டர்நெட்டில் எங்கள் கம்பெனிப் பக்கத்தில் புதிதாக ஒரு ரிவ்யூ. அப்படியே எழுதுகிறேன்: "ஸ்டாக்கர்ட் ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூரையில் நின்று பாடினார். ஒரே பாட்டு. சுருதியே இல்லை. இறங்கும்போது என் துலிப் பூக்களை மிதித்துவிட்டார். ஒரு நட்சத்திரம்."

அக்கா, என் வீட்டுக்காரர் குளிக்கும்போதுகூடப் பாடமாட்டார். பெல்ஃபோர்க்கில் கூரைமேல் நின்று ஞானப்பாட்டைக் கொலை செய்கிறவர் ஒருவர்தான். அவர் உங்கள் வீட்டில் இருக்கிறார்.

அதோடு போகட்டும். நாங்கள் ஓடு மாற்றிக் கொடுத்த டாக்டர் வீட்டு அம்மாள் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார், அது உங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் "மிக்க நன்றி, மறுபடியும் வாருங்கள்" என்று பதில் வேறு எழுதியிருக்கிறீர்கள்! உங்கள் பலகையில் "ஸ்டாக்கர்ட் பிரதர்ஸ் ரூஃபிங்", உள்ளே இருப்பது ஒரே ஒரு பிரதர். எங்கள் பலகையில் "ஸ்டாக்கர்ட் ரூஃபிங்". ஜனங்கள் என்ன செய்வார்கள், பாவம். இப்படியே நாம் இரண்டு பேரும் மூன்று நட்சத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், டெக்சஸிலிருந்து வந்து இறங்கியிருக்கிற அந்த ஸ்கை கிங் கூரைக் கம்பெனிக்காரர்கள் இந்த சீசனையே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போன வருடமே பாதி வேலை அவர்களுக்குத்தான் போனது. இந்த வருடமும் போனால் லீலண்ட் வேலை ஆட்களை அனுப்பிவிட வேண்டியதுதான் என்கிறார்.

என் நல்லதை எனக்குத் தாருங்கள், உங்கள் கெட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அன்புடன் (அது போகவே இல்லை அக்கா),
க்ளென்னா


புதன், ஏப்ரல் 24

க்ளென்னாவுக்கு,

அன்புள்ள என்று போட மறந்துவிட்டேன். மேலே இடமில்லை, இங்கே போட்டுக்கொள்.

காப்ளரில் சர்க்கரை ஜாஸ்தி. அன்றைக்கும் அப்படித்தான் செய்வாய், இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறாய். வெர்னன் மூன்று முறை போட்டுக்கொண்டு, "யாரு செஞ்சது? கை நல்லாயிருக்கே" என்று கேட்டார். சர்ச்சில் கொடுத்தார்கள் என்றேன். பொய் இல்லையே!

துலிப் அம்மாள் விஷயம் உண்மைதான். அவர் வீட்டுக்குப் போய்ச் செடி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரிவ்யூவை எங்கள் பக்கத்துக்கு மாற்றி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு நட்சத்திரமாக ஏற்றி. வெர்னன் எழுதி வைத்திருந்த பதிலை நீ பார்த்திருக்க வேண்டும்: "உங்க பூ செத்ததுக்கு வருத்தம், ஆனா என் பாட்டைச் சொன்னதுக்கு நீங்கதான் வருத்தப்படணும்." அனுப்புகிறதற்குள் பிடுங்கினேன். இந்த மனுஷன் கையில் சுத்தியலைக் கொடுக்கலாம், கீபோர்டைக் கொடுக்கக் கூடாது. டாக்டர் வீட்டு ஐந்து நட்சத்திரத்தை உனக்கு அனுப்பச் சொல்லி அந்த அம்மாளுக்கும் எழுதிவிட்டேன்.

நீ களேபரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊருக்கே கூரை போட்ட ஹார்லன் ஸ்டாக்கர்டின் அடக்கம். வெளியே மழை. உள்ளே ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. கணப்பு ஓரம் வைத்த ஹாம் இறைச்சித் தட்டில் சொட்டு, சொட்டு! இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அப்பா வீட்டுக்குப் போட்ட கூரை! "புகைபோக்கிக்குக் கெழக்கால தண்ணி எறங்காம தகரம் அடிச்சது நீதானே." "மேக்கால அடிச்சது யாரு, உன் மாமனாரா?" அந்த வாய்ச்சண்டையில் கம்பெனி இரண்டானது, உன் மேசையும் என் மேசையும் இரண்டு தெருவுக்குப் போயின. நம்மை யார் கேட்டார்கள்? அத்தை இன்னும் அந்தக் கணப்போரம் வாளி வைத்துக்கொண்டிருக்கிறார். யார் முதலில் கூரையில் ஏறுகிறானோ அவன் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமாம். தூ, இதுவும் ஒரு ரோஷம்.

சரி, வேலையைப் பேசுவோம். நம் ஊர்க்காரர்களின் குணம் உனக்குத் தெரியும். வேலை நன்றாயிருந்தால் வாயே திறக்கமாட்டார்கள். நன்றாயில்லை என்றால் தீவனக் கடையில் பார்த்து முகத்துக்கு நேரே சொல்வார்கள். இன்டர்நெட்டில் போய் எழுதுவது அவர்களுக்கு ஏதோ புறம் பேசுகிற மாதிரி. அதனால்தான் நம் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது. எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நினைத்தாலே உள்ளங்கை அரிக்கிறது! அடுத்த புதன் சர்ச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வருவார்கள், எல்லார் கையிலும் போன் இருக்கும். நம் கூரைக்கடியில் தூங்குகிறவர்கள்தானே எல்லாரும்? கேக் வெட்டுவதற்கு முன்னால் பாஸ்டர் கர்டிஸ் ஒரு வார்த்தை சொல்லட்டும். நீ வலது பக்க மேசைகளைப் பார்த்துக்கொள், நான் இடது பக்கம். யார் கூரை யார் போட்டதோ அந்தப் பக்கத்தில் எழுதட்டும். உள்ளதை மட்டும் எழுதச் சொல். நமக்குப் பொய் வேண்டாம்.

பாத்திரத்தில் ஹாம் போட்ட பீன்ஸ் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

ரமோனா


வியாழன், மே 2

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை! நீங்கள் சமையலறைப் பக்கம் மாட்டிக்கொண்டுவிட்டீர்கள், என் பக்கத்துக் கூத்தை நீங்கள் பார்க்கவில்லை. அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பாஸ்டர் பேசி முடித்ததும் எல்லாரும் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அந்த முரட்டு ஆள் பட் ஹென்ஸ்லி எழுந்து, "நான் ஆரம்பிக்கிறேன். வெர்னன் போட்ட கூரை சூறாவளிக்கே நின்னுச்சு. என் பொண்டாட்டி நிக்கல, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இதை எழுதலாமா?" என்றார். மண்டபமே சிரித்தது. அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! "ஏம்மா, இதுல என் பேரு வருமா?" "எழுத்துப் பெருசாத் தெரிய எங்க அழுத்தணும்?" "அய்யய்யோ, நான் பேத்திக்கு அனுப்பிட்டேன்!" ஒரே சத்தம். சர்ச் வைஃபை திணறிப் போய்விட்டது.

அத்தை என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். எல்லார் தோளுக்கு மேலேயும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு ஸ்டார்தானா? அதுக்கு மேல கெடையாதா?" என்று கேட்டார்.

"இல்லத்தை, அஞ்சுதான்."

"கொறைச்சும் போடலாமா?"

"போடலாம், ஆனா..."

"உள்ளதைத்தான் எழுதணும்னு அந்த பாஸ்டர் சொன்னாரே?"

"ஆமாத்தை, உள்ளதைத்தான்."

"அப்ப இன்னிக்கு வேணாம். வீட்ல உக்காந்து யோசிச்சு எழுதறேன். இந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு மட்டும் காட்டிக் கொடு." காட்டிக் கொடுத்தேன். எவ்வளவு பொறுப்பாகக் கேட்கிறார் பாருங்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கேக் தீர்ந்தபோது இன்டர்நெட்டில் நம் இரண்டு பக்கமும் ஜொலித்துக்கொண்டிருந்தது அக்கா! அறுபதுக்கு மேல்! காலையில் எழுந்ததும் நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். லீலண்ட், "என்னடி மாயம் பண்ணின?" என்று கேட்டுவிட்டு, என் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினார். எத்தனை நாளாயிற்று தெரியுமா!

பாத்திரத்தில் எலுமிச்சைக் கேக். சர்க்கரை குறைத்திருக்கிறேன்.

சந்தோஷத்துடன்,
க்ளென்னா


புதன், மே 8

க்ளென்னா,

மோசம் போனோம்.

இன்று காலை பக்கத்தைத் திறக்கிறேன், காலி. துடைத்து வைத்த மாதிரி. உன் பக்கமும் அப்படித்தான், பார்த்திருப்பாய். ஒரே சாயங்காலம், ஒரே இடத்திலிருந்து, அறுபது ரிவ்யூ! கூலிக்கு ஆள் வைத்து எழுதியது என்று அந்த வெப்சைட் முடிவு செய்துவிட்டதாம். அதோடு விட்டதா? "இந்த நிறுவனத்தில் சந்தேகத்துக்குரிய ரிவ்யூக்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை வேறு. பாஸ்டர் கர்டிஸ் எழுதியதும் பொய்யாம். அவர் காதுக்கு எட்டியதும், "முப்பது வருஷமா பிரசங்கம் பண்றேன், இதுவரைக்கும் யாரும் இப்படி நேரா சொன்னதில்ல" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. நம் புத்தி எப்படிப் போயிற்று பார்! அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு நாளாக எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நமக்குத்தான் எதைச் செய்தாலும் சர்ச்சில் கூடி, சாப்பாடு போட்டுச் செய்ய வேண்டுமே!

வெர்னனுக்குத் தெரிந்துவிட்டது. "இது அந்த லீலண்ட் பொண்டாட்டி வேலை" என்று ஆரம்பித்தார். வந்ததே எனக்குக் கோபம். "அவ பாதி, நான் பாதி. திட்டறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டு" என்றேன். நாம் எழுதிக்கொள்வதைச் சொல்லவில்லை, ஆனால் அந்த நீல மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெப்சைட்டுக்கு மனு போட்டுவிட்டேன். உட்கார்ந்த இடத்தில், என் கம்ப்யூட்டரிலிருந்தே, இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து விளக்கம் எழுதினேன். இது சிற்றூர், எல்லாரும் ஒரே சர்ச், ஸ்டாக்கர்ட் என்பது ஒரே குடும்பம், ஒரே அப்பாவிடம் தொழில் கற்றவர்கள், எல்லாரும் எங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் என்று. மாமா அந்தப் பச்சை டிரக் பக்கத்தில் நிற்கிற போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன்.

இதற்கிடையில் ஸ்கை கிங்காரன் எங்கள் தெருவில் ஐந்து வீட்டு வாசல் புல்லில் தன் பலகையை நட்டுவிட்டான். தங்க நிறக் கிரீடம் போட்ட பலகை. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

பாத்திரம் காலியாகத்தான் வருகிறது. மன்னித்துக்கொள்.

ரமோனா


ஞாயிறு, மே 12, அன்னையர் தினம்

அக்கா! அக்கா!

பார்த்தீர்களா? தயவுசெய்து பார்த்துவிட்டேன் என்று சொல்லுங்கள்! சிவப்புப் பட்டை போய்விட்டது. ரிவ்யூ எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இரண்டு பக்கம் இல்லை. ஒரே பக்கம்! "ஸ்டாக்கர்ட் பிரதர்ஸ் ரூஃபிங்". மேலே மாமாவும் பச்சை டிரக்கும். கீழே உங்கள் நம்பர், அதற்குக் கீழே எங்கள் நம்பர். நீங்கள் ஒரே குடும்பம், ஒரே தொழில் என்று எழுதினீர்களே, அந்த வெப்சைட் அதை அப்படியே நம்பி, ஒரே கம்பெனி தவறுதலாக இரண்டு முறை பதிவாகியிருக்கிறது என்று சேர்த்து வைத்துவிட்டது! பாஸ்டரால் முடியாததை ஒரு வெப்சைட் செய்துவிட்டது!

நேற்று நடந்த கதையை அத்தான் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார். பட் ஹென்ஸ்லியின் அக்கா வீட்டில் இரண்டு நம்பருக்கும் போன் போட்டிருக்கிறார்கள், யாராவது ஒருவர் வரட்டுமே என்று. இவர் ஏணியோடு இந்தப் பக்கம் போக, அத்தான் ஏணியோடு அந்தப் பக்கம் வந்திருக்கிறார்.

"நீ எங்கடா இங்க?" என்றாராம் அத்தான்.

"என்னைத்தான் கூப்பிட்டாங்க."

"ஸ்டாக்கர்ட் பிரதர்ஸைத்தான் கூப்பிட்டாங்க. அது நான்."

அந்த அம்மாள், "பிரதர்ஸ்னா ரெண்டு பேர்தானேப்பா வரணும்? ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறீங்க? ஏறுங்க" என்றாராம். ஏறவில்லை. இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த வேலை ஸ்கை கிங்குக்குப் போய்விட்டது.

இன்று அத்தை வீட்டுக்கு எப்போதும் போல நீங்கள் பன்னிரண்டு மணிக்கு, நாங்கள் மூன்று மணிக்கு. நாங்கள் போனபோது உங்கள் ரோஜாக்கொத்து மேசை மேல் இருந்தது. அத்தை இரண்டு முறை சாப்பிட்டார், பாவம், இரண்டு வீட்டுக்கும் மனம் கோணாமல். வாளி அங்கேயேதான் இருக்கிறது. ஆலங்கட்டி மழைக்கப்புறம் இன்னும் வேகமாகச் சொட்டுகிறதாம்.

லீலண்ட் ஒற்றைக்காலில் நிற்கிறார், உடனே பிரித்துவிடு என்று. பிரிக்கிறதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. நான் தொடவில்லை அக்கா. நீங்கள் தொட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு என் பழைய மேசை வேண்டும். எதிர் மேசையில் நீங்கள் உட்கார்ந்து வாடிக்கையாளரைத் திட்டிக்கொண்டே போனில் தேனாகப் பேசுவதைக் கேட்க வேண்டும்.

க்ளென்னா


புதன், மே 15

என் க்ளென்னாவுக்கு,

பிரிக்கிற பொத்தானை நான் ஏன் தொடப்போகிறேன்? விரலை வெட்டிப் போட்டாலும் போடுவேன்.

ஆனால் இப்போது அதைவிடப் பெரிய வெடி வெடித்திருக்கிறது. நீ பார்க்கவில்லை என்றால் உட்கார்ந்துகொண்டு படி. நேற்று மத்தியானம், நம் ஒரே பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது:

"எனக்கு ரெண்டு பையன். ரெண்டு பேரும் கூரைக்காரங்க. என் வீட்டுக் கூரை ஆறு வருஷமா ஒழுகுது. வாளி நிறைஞ்சா நானே தூக்கிக் கொட்டறேன். ஒரு ஸ்டார். அதுவும் அவங்க அப்பாவுக்காக. ஓபல் ஸ்டாக்கர்ட்."

அறுபது பேர் எழுதியதைப் பொய் என்று தூக்கி எறிந்த வெப்சைட், இதை மட்டும் உண்மை என்று வைத்துக்கொண்டிருக்கிறது! உண்மைதானே! பொத்தான் காட்டிக் கொடுத்த புண்ணியவதி நீதான்.

ஊரே படித்துவிட்டது. தீவனக் கடையில் அதை அச்சடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். போன் வருகிறது, வேலைக்காக இல்லை: "அம்மா வீட்டு ஒழுகலை நிறுத்தியாச்சா?" என்று கேட்க. வெர்னன் அதை நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தார். "ஏதாவது பதில் எழுதேன், உனக்குத்தான் நல்லா வருமே" என்றார். "துலிப் அம்மாவுக்கு நான் எழுதினேன். உன் அம்மாவுக்கு நீதான் எழுதணும். என்ன எழுதுவ? மன்னிக்கவும், மறுபடியும் வாருங்கள்னா?" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். போகும்போது வண்டியில் பாட்டுச் சத்தமே இல்லை. நீயும் எழுதாதே. லீலண்ட் எவ்வளவு கெஞ்சினாலும் எழுதாதே.

இன்னும் முடியவில்லை, கேள். அத்தை வீட்டுக்குப் போனேன். ஸ்கை கிங்காரன் ரிவ்யூவைப் படித்துவிட்டு அத்தை வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறான்! இலவசமாகவே போட்டுத் தருகிறேன், வாசலில் என் பலகையை மட்டும் ஒரு மாசம் நட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க அத்தை?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்று சாவகாசமாகக் காபியை உறிஞ்சுகிறார். "நல்ல பையன். ரொம்ப மரியாதையாப் பேசறான். பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தான்."

ஹார்லன் ஸ்டாக்கர்டின் வாசலில் ஸ்கை கிங் பலகை! அப்படி ஒன்று நடந்தால் அப்புறம் ஸ்டாக்கர்ட் என்ற பெயரை இந்த ஊரில் எந்தப் பலகையிலும் எழுத முடியாது. இரண்டு முட்டாள்களுக்கும் இது தெரியும். நான் இங்கே சொல்லிவிட்டேன். நீ அங்கே சொல்லிவிடு. சனிக்கிழமை நான் இரண்டு நம்பருக்கும் போன் எடுக்கிறேன். நீ அங்கே போய் நின்று, கண்ணால் பார்த்து, ஒன்று விடாமல் எனக்கு எழுது. போனில் சொல்லாதே, நீ அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவாய்.

ரமோனா


சனி, மே 18

என் அக்காவுக்கு,

மடியில் வைத்து எழுதுகிறேன், கோணல்மாணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணிக்கே போய்விட்டேன். அத்தை புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு, தலையில் தொப்பி வைத்து, பந்தாட்டம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கிழக்குப் பக்கத்திலிருந்து அத்தான் வண்டி வந்தது. மேற்கிலிருந்து இவர் வண்டி. அத்தான் புகைபோக்கிக்குக் கிழக்கால ஏணியைச் சாத்தினார், இவர் மேற்கால சாத்தினார். இரண்டு பேரும் ஏணியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏறவில்லை! எனக்கு உயிரே போயிற்று.

எட்டு மணிக்கு ஸ்கை கிங் வண்டி திரும்பியது. அந்தப் பையன் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்குகிறான். அத்தை தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி, கொஞ்சம் பொறு. இவங்க ரெண்டு பேரும் ஏணி எவ்வளவு ஒசரம்னு பாத்துக்கிட்டிருக்காங்க."

அத்தான் முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. "லீலண்ட்!" என்று கத்தினார். ஆறு வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டது இதுதான் முதல். "ஒண்ணா ஏறுவோம். நான் மூணு சொல்றேன்."

"சின்னப் பையனாட்டம் என்ன மூணு? ஏறு" என்றார் இவர். ஆனால் மூன்று சொல்லும் வரை நின்றார், அக்கா. நான் பார்த்தேன்.

ஓடுகளைப் பெயர்த்தார்கள். கிழக்கால தகரம் அசையவில்லை. மேற்காலும் அசையவில்லை. நகத்தால் கிள்ளிப் பார்க்கிறார்கள், ஊதிப் பார்க்கிறார்கள். "உன்னுது நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர், வேண்டா வெறுப்பாக. "உன்னுதும்தான்" என்றார் அத்தான், அதைவிட வேண்டா வெறுப்பாக. அப்புறம் புகைபோக்கிக்குப் பின்னால் குனிந்தார்கள். திடீரென்று அத்தான் சிரிக்கிற சத்தம். இவரும் சிரிக்கிறார். சிரிப்பா அழுகையா என்று கீழிருந்து தெரியவில்லை.

டிஷ் ஆன்டெனா! மாமா படுக்கையில் விழுந்தபோது டிவியில் பந்தாட்டம் பார்க்க வேண்டும் என்று அத்தை வைத்தது. மாட்ட வந்தவன் நேரே ஓட்டின் மேல் நான்கு திருகாணி போட்டு முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான், அடைக்கவே இல்லை. தண்ணீர் அங்கே இறங்கி, பலகையோடு ஓடி, கணப்போரம் சொட்டியிருக்கிறது. அக்கா, வேறு யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் இவர்கள் இரண்டு பேரும் கேட்கிற முதல் கேள்வி, "டிஷ் எங்க மாட்டியிருக்கு?" என்பதுதான். அம்மா வீட்டில் மட்டும் "யார் தப்பு?" என்று கேட்டுவிட்டார்கள்.

அத்தான் ஒரு திருகாணியைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இதுதாம்மா! நீ மாட்டச் சொன்ன டிஷ்தான்! எங்க தப்பே இல்ல!" என்று கூவினார்.

அத்தை தொப்பியைக் கழற்றினார். குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கென்ன தெரியும்? நானா கூரைக்காரி? கூரைக்காரங்க ரெண்டு பேரைப் பெத்தேன். ஆறு வருஷத்துல ஒருத்தனாவது ஏறிப் பாத்தானா?"

இரண்டு பேரும் அப்படியே முகட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அத்தான் இவர் தோளில் கை வைத்தார். அந்த ஸ்கை கிங் பையன் என்னிடம் வந்து, "நான் வரேங்க, எங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணணும்" என்று சொல்லிப் பலகையை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இப்போது சாயங்காலம். கூரை முழுக்கப் பெயர்த்துப் புது ஓடு பாதி போட்டாயிற்று. ஒருவரே சுமக்கிற ஓட்டுக் கட்டுகளைக்கூட இரண்டு பேரும் சேர்ந்து சுமக்கிறார்கள். அத்தான் பாடுகிறார். சகிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கூடச் சேர்ந்து பாடுகிறார் அக்கா, அது இன்னும் மோசம். நான் இங்கே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே எழுதுகிறேன்.

உங்கள்
க்ளென்னா


வெள்ளி, மே 24

என் கண்ணு க்ளென்னாவுக்கு,

நீ எழுதியதை நான்கு முறை படித்துவிட்டேன். ஐந்தாம் முறை வெர்னன் கேட்டார், கொடுத்துவிட்டேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "இத்தனை நாளும் இந்தப் பாத்திரத்துலயா?" என்று மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "காப்ளர் அவ செஞ்சதுதானா? நான் அப்பவே நெனச்சேன்" என்று பெருமை வேறு.

பதில் எழுதிவிட்டார்கள். இரண்டு பேரும் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு விரலால், ஒரு மணி நேரம். எழுதியது இவ்வளவுதான்: "அம்மா, தப்பு எங்களுடையது. வெர்னன், லீலண்ட்." நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. அதற்கப்புறம் போன் நிற்கவே இல்லையடி! பதினைந்து கூரை ஒத்துக்கொண்டாயிற்று, இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உன் பழைய மேசையை லீலண்ட் டிரக்கில் போட்டுக் கொண்டுவந்து என் எதிரே இறக்கியிருக்கிறான். ஒரு கால் ஆடுகிறது, கீழே ஒரு ஓட்டுத் துண்டை வைத்திருக்கிறான். திங்கட்கிழமை லீவு, செவ்வாய்க்கிழமை காலை வந்து சேர்.

நேற்று அத்தை ரிவ்யூவைத் திருத்திவிட்டார். ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன், ஐந்து என்று நினைத்து. மூன்று! "கூரை ஒழுகல. பூச்செடியில ஆணி கெடக்குது. பெரியவன் பாடினான், சின்னவனும் பாடினான்." பொறுக்கமுடியாமல் நேரே போய்விட்டேன்.

"என்னத்தை இது? பெத்த அம்மாவே மூணு போடலாமா? ஊர்ல என்ன சொல்வாங்க?"

"உள்ளதைத்தானே எழுதச் சொன்னீங்க?"

"நாலாவது எப்பத் தருவீங்க?"

"ஆணியைப் பொறுக்கட்டும்."

"அஞ்சாவது?"

வாளியைக் கழுவிப் படியோரம் கவிழ்த்து வைத்திருந்தார். அதை ஓரமாகத் தள்ளி எனக்கு உட்கார இடம் விட்டார். அப்புறம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைல எனக்கு ரெண்டு தடவை சமைச்சு, ரெண்டு தடவை சாப்பிட்டு, வயிறு போச்சு ரமோனா. பன்னெண்டு மணி, மூணு மணின்னு இனிமே இந்த வீட்ல கெடையாது. எல்லாரும் ஒரு மணிக்கு ஒண்ணா வந்து உக்காரட்டும். அப்புறம் பாக்கலாம்."

ஆணியை வெர்னனும் லீலண்டும் இப்போதே முட்டி போட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் நான்காவது வந்துவிடும்.

நாளன்றைக்கு ஞாயிறு, ஒரு மணி. நேரத்துக்கு வந்துவிடு. பாத்திரத்தை நீயே கையில் எடுத்துக்கொண்டு வா, காப்ளரோடு. சர்க்கரையை எப்போதும் போலவே போடு.

உன்
ரமோனா அக்கா